பெருக்கியாயிற்று, பிறகு?

தொழுநோய்க் கிருமியை நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் 1873இல் நுண்ணோக்கியில் கண்டார். ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றுவரை அந்தக் கிருமியை எந்த ஆய்வகத்தாலும் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியவில்லை. சுண்டெலியின் பாதத்தில் செலுத்தியோ, அர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் ஏற்றியோதான் வளர்த்தாக வேண்டும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிருமி அது. அதன் முழு மரபணுத்தொகுதி 2001இல் வெளியானது. அதற்கு எடுத்துக்கொண்ட ரகத்தின் பெயர் 'டிஎன்'. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்ததால் அப்படிப் பெயர். மொத்தம் 32 லட்சத்து 68 ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள். அவற்றில் வேலை செய்யும் மரபணுக்கள் 1,600 அளவில். செயலிழந்து வெறும் கூடாகக் கிடப்பவை 1,100க்கு மேல்.

தொழுநோயாளி ஒருவருக்கு மருந்து கேட்கவில்லை என்றால் முன்பெல்லாம் அவருடைய கிருமியைச் சுண்டெலிப் பாதத்தில் ஏற்றி, எலிக்கு மருந்து கொடுத்து, அரை வருடத்துக்கும் மேல் காத்திருந்து பார்க்க வேண்டும். இன்று தோலில் சிறு கீறல் போட்டு எடுத்த திசுநீரிலிருந்து மூன்று மரபணுத் துண்டுகளைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்து வரிசையைப் படித்துவிட்டால் டாப்சோன், ரிஃபாம்பிசின், ஓஃப்லாக்சசின் ஆகிய மூன்றில் எதற்கு எதிர்ப்பு இருக்கிறது என்று சில நாள்களில் தெரிந்துவிடும். வளர்க்கவே முடியாத கிருமியிடமிருந்து பதில் வாங்கும் வித்தை இது. ஆனால் அதே நோயாளி சிகிச்சையை முடித்த பிறகு அதே சோதனையைச் செய்தாலும் அது 'இருக்கிறது' என்றே சொல்லக்கூடும். கிருமி செத்து எத்தனையோ நாளாகியிருக்கலாம், அதன் டி.என்.ஏ. தோலுக்குள் இன்னும் கிடக்கிறது. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகும் வாசல் பலகையில் அவர் பெயர் தொங்குவதைப் போல.

நுண்ணுயிரியலில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறைகளும் படிக்கும் முறைகளும் கடந்த நாற்பதாண்டில் பெருகிய வேகம் அசாத்தியமானது. ஆனால் பெருக்குவது என்பது பெரும்பாலும் தீர்ந்துபோன கணக்கு. பெருகி வந்த துண்டு எதற்குச் சாட்சி என்பதுதான் தீராத வழக்கு. இந்தத் துறையின் நல்ல கண்டுபிடிப்புகள் பலவும் அந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளே. மோசமான தவறுகள் பலவும் அந்த இடைவெளியை மறந்ததால் வந்தவையே.

இரட்டிப்புக் கணக்கு

பி.சி.ஆரின் அடிப்படை எளியது. டி.என்.ஏ.வின் இரு இழைகளை 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிரிக்க வேண்டும். வெப்பத்தை 55, 60 டிகிரி அளவுக்குக் குறைத்தால், நாம் குறிவைக்கும் பகுதியின் இரு ஓரங்களிலும் பிரைமர்கள் போய் ஒட்டிக்கொள்ளும். பிரைமர் என்பது இருபது எழுத்து அளவில் நாமே செய்து போடும் சிறு துண்டு. பிறகு 72 டிகிரியில் பாலிமரேஸ் நொதி பிரைமரிலிருந்து தொடங்கி எதிர் இழையைக் கட்டி முடிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்றில் ஒரு மூலக்கூறு 107 கோடியாக வேண்டும். நடைமுறையில் எந்தச் சுற்றும் முழுதாக இரட்டிப்பதில்லை. பிரைமரும் நொதியும் தீரத் தீரக் கடைசிச் சுற்றுகள் மந்தமாகிவிடும்.

1971இலேயே ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வகத்தில் கெல் கிளெப்பே என்பவர் இரண்டு பிரைமர்களை வைத்து டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப நகலெடுக்கும் யோசனையை எழுதி வைத்திருந்தார். அப்போது பெரும்பாலான மரபணுக்களின் எழுத்து வரிசை தெரியாது. பிரைமர் செய்வது பெரும்பாடு. யோசனை தூங்கியது. 1983இல் கலிபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி முல்லிஸ் அதைப் புதிதாகக் கண்டெடுத்தார். நிறுவனத்தின் மற்ற ஆய்வாளர்கள் அதை வேலை செய்ய வைத்தார்கள். 1985இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முதல் கட்டுரை கிருமியைப் பற்றியதல்ல, அரிவாள் செல் சோகையைக் கண்டறிவது பற்றியது. அந்த நாளைய நொதி ஈ.கோலை பாக்டீரியாவுடையது, 95 டிகிரியில் ஒவ்வொரு சுற்றிலும் அது செத்துப்போகும். எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புது நொதி ஊற்றியாக வேண்டும்.

தொல்லையைத் தீர்த்தது ஒரு வெந்நீரூற்று. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் 1966இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரும், 70 டிகிரிச் சூட்டில் சுகமாக வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு, யார் கேட்டாலும் கிடைக்கும்படி கிருமிச் சேமிப்பகம் ஒன்றில் கொடுத்துவைத்தார்கள். 1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அதன் பாலிமரேஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1988இல் அது பி.சி.ஆர். குழாய்க்குள் வந்தது; மூடிய குழாயைத் திறக்காமல் எல்லாச் சுற்றும் ஓடியது. முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 1991இல், காப்புரிமையை ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. முல்லிஸ் இரவில் கார் ஓட்டிக்கொண்டு போகையில் யோசனை உதித்தது என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பயனும் எதிர்பாராமல் வெந்நீரில் என்ன வாழ்கிறது என்று பார்க்கப்போன இருவரின் வேலைக்கு நான் இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுப்பேன்.

பெருகியதைப் பார்க்கும் பழைய வழி அகரோஸ் ஜெல். குழிகளில் மாதிரியை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சின்னத் துண்டு வேகமாகவும் பெரிய துண்டு மெதுவாகவும் நகரும். சாயமேற்றிப் புறஊதா ஒளியில் வைத்தால் பட்டைகள் ஒளிரும். பக்கத்துக் குழியில் ஓடவிட்ட அளவுகோல் துண்டுகளோடு ஒப்பிட்டு நீளத்தைக் கணிக்கலாம். ஒளிரும் பட்டை நீளத்தை மட்டுமே சொல்லும். அந்த நீளத்தில் வேறொரு துண்டும் இருக்கலாம் என்பதை மறந்துவிட்டு எழுதப்பட்ட முடிவுகள் 1990களின் ஆய்விதழ்களில் கொஞ்சநஞ்சமல்ல.

குழாய்க்குள் போகும் முன்னும், வந்த பின்னும்

பாடப்புத்தகங்கள் பி.சி.ஆர். சுற்றுகளுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும், டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதை இரண்டு வரியில் முடிக்கும். ஆய்வகத்தில் நிலைமை தலைகீழ். காசநோய்ச் சளியை எடுத்துக்கொள்வோம். கோழை கெட்டியாக இருக்கும். முதலில் அதை இளக்க வேண்டும். கிருமியின் சுவர் மைக்காலிக் அமிலம் பூசிய மெழுகுச்சுவர். சாதாரண நொதிக்கு மசியாது. நுண்மணிகளோடு குலுக்கியோ, சூடேற்றியோ, மீயொலியால் அதிர வைத்தோ உடைக்க வேண்டும். உடைந்து வரும் டி.என்.ஏ.வைச் சிலிக்காவில் ஒட்டவைத்துக் கழுவி எடுக்கும் முறை 1990இல் நெதர்லாந்திலிருந்து வந்தது; இன்று விற்கும் கிட்டுகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். கழுவாமல் விட்டால் ரத்தத்தின் ஹீம், மண்ணின் ஹியூமிக் அமிலம், ரத்தம் பிடிக்கும் சோதனைக் குழாயிலிட்ட ஹெப்பாரின் எல்லாம் பாலிமரேஸின் கையைக் கட்டிப்போடும். அப்போது வரும் 'இல்லை' என்ற பதிலுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதனால்தான் ஒழுங்கான சோதனைகளில், கட்டாயம் பெருகியாக வேண்டிய வேறொரு துண்டை உள் கட்டுப்பாடாகச் சேர்க்கிறார்கள். அதுவும் பெருகவில்லை என்றால் முடிவு 'நெகட்டிவ்' அல்ல, 'செல்லாது'.

இன்னொரு கணக்கு பலருக்கும் தோன்றுவதில்லை. ஒரு மில்லிலிட்டர் சளியில் 20 கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுகூட வீணாகாமல் அத்தனை டி.என்.ஏ.வையும் 50 மைக்ரோலிட்டரில் பிரித்துவிட்டோம். அதிலிருந்து 5 மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுத்துச் சோதனைக் குழாயில் விடுகிறோம். சராசரியாக இரண்டு கிருமியின் டி.என்.ஏ. உள்ளே போகும். சராசரி இரண்டு என்றால், ஒன்றுமே போகாமல் இருக்கும் வாய்ப்பு 13 சதவீதத்துக்கும் மேல். வேதியியலில் எந்தக் குறையும் இல்லாமலேயே ஏழெட்டு நோயாளிகளில் ஒருவருக்குத் தவறான பதில் போய்ச்சேரும். எந்தப் பாலிமரேஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது; மாதிரியை அதிகம் எடுப்பது ஒன்றே வழி.

எதிர்த் திசைத் தவறு இதைவிடப் பொல்லாதது. ஒரு குழாயில் பெருக்கி முடித்ததும் அதற்குள் லட்சம் கோடி நகல்கள் வரை இருக்கலாம். மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி ஒன்று தெறிக்கிறது. மைக்ரோலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றாலும் அதில் இருபது லட்சம் நகல்கள். அது மேசையில், பிப்பெட்டின் உள்குழலில், கையுறையில், கதவுப் பிடியில் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் தண்ணீரை மட்டும் வைத்து ஓட்டிய கட்டுப்பாட்டுக் குழாயில் பட்டை தெரியும். தண்ணீருக்குக் காசநோய் வந்துவிட்டது என்று ஆய்வகங்களில் கசப்பாகச் சிரிப்பார்கள். பிறகு திறந்த புட்டிகளையெல்லாம் கொட்ட வேண்டும். ஒவ்வொரு பிப்பெட்டையும் பிரித்துத் துடைக்க வேண்டும்.

இதனால் பி.சி.ஆர். ஆய்வகத்தின் கட்டட அமைப்பே மாறியது. கலவை தயாரிக்கும் அறை தனி, மாதிரி சேர்க்கும் அறை தனி, பெருக்கியதைத் திறக்கும் அறை தனி. ஆளும் பொருளும் முன்னோக்கி மட்டுமே போகலாம். பெருக்கிய அறையிலிருந்து அங்கியோடு முதலறைக்குத் திரும்பக் கூடாது. 1990இல் வந்த ஒரு தந்திரம் இன்னும் புத்திசாலித்தனமானது. நகலெடுக்கும்போது டி.என்.ஏ.வின் 'டி' எழுத்துக்குப் பதிலாக 'யு'வைக் கொடுத்துவிடுவது. அடுத்த சோதனையின் தொடக்கத்தில் 'யு' உள்ளவற்றை மட்டும் சிதைக்கும் நொதியை விடுவது. பழைய நகல்கள் அழியும், நோயாளியின் அசல் டி.என்.ஏ. தப்பிக்கும். இவ்வளவும் இருந்தும் மிக நல்ல தடுப்பு, குழாயைத் திறக்கவே திறக்காமல் இருப்பதுதான்.

ரியல்டைம் பி.சி.ஆர். அதைச் சாத்தியமாக்கியது. பெருகப் பெருக ஒளிரும் சாயத்தையோ, குறித்த துண்டில் மட்டும் ஒட்டி ஒளிவிடும் புரோபையோ உள்ளேயே போட்டு, ஒளியைக் குழாய்க்கு வெளியிலிருந்து அளப்பது. ஒளி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய சுற்றின் எண்தான் சிடி மதிப்பு. கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் ஆர்டி-பிசிஆர் என்ற சொல் டீக்கடை வரை வந்தது. கூடவே 'உங்களுக்கு சிடி எவ்வளவு?' என்ற விசாரணையும் வந்தது. எண் குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம் என்பது சரி; 3.3 சுற்று வித்தியாசம் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆனால் மூக்கில் குச்சி எவ்வளவு ஆழம் போனது, எந்தக் கருவி, எந்த மரபணு என்பதைப் பொறுத்து அதே ஆளின் எண் அதே நாளில் மாறும். இரண்டு ஆய்வகங்களின் சிடி எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது பெரும்பாலும் வீண் வேலை. அளவு துல்லியமாக வேண்டுமென்றால் டிஜிட்டல் பி.சி.ஆர். இருக்கிறது: மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து, எத்தனை துளி ஒளிர்கிறது என்று எண்ணிவிடுவது. விலையும் அதற்கேற்றபடி.

எந்தத் துண்டைப் பெருக்குவது?

இந்தக் கேள்வியில் சென்னைக்கு ஒரு சொந்தப் பங்கு உண்டு. காசநோய்க் கிருமியில் ஐஎஸ்6110 என்றொரு தாவும் துண்டு இருக்கிறது. 1,355 எழுத்து நீளம். உலகின் பல பகுதிகளில் கிடைக்கும் ரகங்களில் ஒரே கிருமிக்குள் பத்து, பதினைந்து இடங்களில் அது அமர்ந்திருக்கும். ஒரு கிருமியே பத்துக் கிருமிக்குச் சமமாக மாதிரி தரும் என்றால் கண்டறியும் சோதனைக்கு அதைவிட நல்ல குறி எது? 1990களின் தொடக்கத்தில் காசநோய்ப் பி.சி.ஆர். என்றாலே ஐஎஸ்6110தான். அது அமர்ந்திருக்கும் இடங்களை வைத்துக் கிருமியின் ரகத்தைப் பிரித்தறியும் கைரேகை முறையும் 1993இல் உலகத்துக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்டது.

சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையமாகத் தொடங்கி, பிறகு காசநோய் ஆராய்ச்சி மையமாக இருந்து, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் ஆய்வகத்தினர் 1990களின் நடுவில் சென்னை நோயாளிகளின் கிருமிகளை அந்த முறையில் பார்த்தார்கள். பெரும் பங்குக் கிருமிகளில் அந்தத் துண்டு ஒரே ஒரு முறைதான் இருந்தது. சிலவற்றில் அறவே இல்லை. ஐரோப்பாவில் செய்த பிரைமர் இங்குள்ள சில நோயாளிகளைப் பார்த்து 'உனக்குக் காசநோய் இல்லை' என்று சொல்லிவிடும். ஒரே துண்டு உள்ளவர்களையோ கைரேகை முறை ஒரே கூட்டமாகக் காட்டும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லும். தென்னிந்தியாவில் பரவலாக உள்ள பழைய பரம்பரை ஒன்றின் இயல்பு அது என்பது பின்னர் விளங்கியது. அந்த நிறுவனத்தார் ஐஎஸ்6110 இல்லாத ரகங்களையும் பிடிக்கும் டிஆர்சி4 என்ற வேறொரு துண்டைத் தேர்ந்தெடுத்து, மூளைச்சவ்வுக் காசநோயில் இரண்டையும் சேர்த்துச் சோதித்தார்கள். தண்டுவட நீரில் கிருமி அரிதாகவே இருக்கும் நோய் அது. ஒன்றைத் தவறவிட்டாலும் உயிர் போகும்.

உள்ளூர்க் கிருமியைப் பார்க்காமல் சோதனையை இறக்குமதி செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் பாடம் உலகுக்கு எட்டச் சுணங்கியது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எக்ஸ்பெர்ட் கருவி வேறு வழி எடுத்தது. அது ரிஃபாம்பிசின் மருந்து போய்ப் பிடிக்கும் ஆர்.பி.ஓ.பி. மரபணுவின் 81 எழுத்துப் பகுதியைப் பெருக்குகிறது. ஐந்து புரோபுகள் அந்தப் பகுதியைப் பங்கிட்டுக்கொண்டு ஒட்டும். ஐந்தும் ஒளிர்ந்தால் காசநோய் உண்டு, மருந்து கேட்கும். ஏதாவது ஒன்று ஒளிரத் தவறினால் மருந்து எதிர்ப்பு. பொதியுறைக்குள்ளேயே கிருமியை உடைத்து, கழுவி, பெருக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். வளர்ப்புச் சோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பது புரியும். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்த ஆய்வில், நுண்ணோக்கிக்கே தெரியுமளவு கிருமி உள்ளவர்களில் 98 சதவீதத்தினரை அது பிடித்தது. நுண்ணோக்கிக்குத் தெரியாதவர்களில், ஒரே மாதிரியை வைத்து, 72 சதவீதத்தினரை.

ஆனால் 81 எழுத்துக்கு வெளியே இருப்பது அதற்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவை ஒட்டிய சின்ன நாடான ஸ்வாஸிலாந்தில், இன்றைய எஸ்வாட்டினியில், எடுத்த கணக்கெடுப்பில் பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் 30 சதவீதம் வேறோர் இடத்தில் மாற்றம் கொண்டிருந்தன. கருவி 'மருந்து கேட்கும்' என்றது. நோயாளிக்கு மருந்து கேட்கவில்லை. சோதனையில் தப்பிய கிருமிதானே பரவும்? கண்டறியும் முறையே எந்த ரகம் செழிக்கும் என்பதைத் தீர்மானிக்கத் தொடங்குகிறது. கொரோனாவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 2020 இறுதியில் மூன்று மரபணுக்களைத் தேடும் கிட்டுகளில் எஸ் மரபணு மட்டும் காணாமல் போனது. ஆறு எழுத்துகள் உதிர்ந்திருந்ததால் புரோப் ஒட்டவில்லை. அந்தக் கோளாறையே அடையாளமாக வைத்து ஆல்ஃபா ரகம் எங்கெல்லாம் பரவுகிறது என்று பிரிட்டனில் நாளுக்கு நாள் பின்தொடர்ந்தார்கள். குறி ஒன்றுக்கு மேல் இருந்ததால்தான் அது முடிந்தது.

கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்த ட்ரூநாட், பேட்டரியில் ஓடும் சிறு கருவி. குளிர்சாதன அறை இல்லாத ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றது. சூட்டை ஏற்றி இறக்கும் வேலையே இல்லாமல் 65 டிகிரி அளவில் ஒரே சூட்டில் பெருக்கும் லாம்ப் முறை 2000இல் ஜப்பானிலிருந்து வந்தது. நான்கு முதல் ஆறு பிரைமர்கள் தேவைப்படும், கண்ணாலேயே முடிவைப் பார்க்கலாம். கிரிஸ்பர் அடிப்படையில் டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் செய்த ஃபெலூடா சோதனை கொரோனாக் காலத்தில் அனுமதி பெற்றது. இவையெல்லாம் இடத்தையும் நேரத்தையும் விலையையும் மாற்றுகின்றன. கேள்வியை மாற்றுவதில்லை.

தேடாமலே கிடைப்பது

பி.சி.ஆரில் எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு. எல்லாப் பாக்டீரியாவிலும் உண்டு. சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே, சில பகுதிகள் இனத்துக்கு இனம் வேறு. மாறாத பகுதியில் பிரைமரை வைத்து, மாறும் பகுதியைப் படித்தால் பெயர் தெரியாத பாக்டீரியாவின் உறவுமுறை தெரிந்துவிடும். 1977இல் கார்ல் வோஸ் ஆர்க்கியா என்ற தனிப் பேருலகத்தைக் கண்டதும் இந்த மூலக்கூறை வைத்துத்தான், அப்போது பி.சி.ஆர். இல்லாவிட்டாலும். மருத்துவத்தில் இதன் வெற்றிக்கு விப்பிள் நோயைச் சொல்லலாம். 1907இல் விவரிக்கப்பட்ட குடல் நோய். திசுவில் ஏதோ கிருமி தெரியும், யாராலும் வளர்க்க முடியாது. 1992இல் ஸ்டான்ஃபோர்டு குழு 16எஸ் துண்டைப் பெருக்கிப் படித்து, ஆக்டினோபாக்டீரியா குடும்பத்தைச் சேர்ந்த புதுக் கிருமி என்று சொன்னது. அதை வளர்த்துக் காட்டியது எட்டு வருடம் கழித்து, 2000இல்.

16எஸ்ஸை வைத்து 'நுண்ணுயிர்க் கூட்டம்' என்று இன்று வெளியாகும் ஆய்வுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. ஈ.கோலையில் அந்த மரபணுவுக்கு ஏழு நகல், காசநோய்க் கிருமியில் ஒன்று. எண்ணிக்கையை அப்படியே சதவீதமாக்கினால் கணக்கு பிசகும். ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் அதனால் பிரிக்கவே முடியாது. இவற்றைவிடப் பெரிய வில்லங்கம், டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டுகளே முழுச் சுத்தமாக இருப்பதில்லை என்பது. 2014இல் பிரிட்டிஷ் குழு ஒன்று ஒரே இன சால்மோனெல்லாக் கிருமியை நீரில் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்த்தது. நீர்க்க நீர்க்க சால்மோனெல்லா குறைந்து, மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்களின் பெயர்கள் பட்டியலை நிறைத்தன. எல்லாம் கிட்டிலிருந்து வந்தவை. அதே ஆண்டில்தான் கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியில் தனி நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கிறது என்ற செய்தி பரபரப்பானது. 2019இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடிகளைக் கட்டுப்பாட்டு மாதிரிகளோடு சோதித்து, அப்படி எதுவும் இல்லை, பெரும்பாலும் மாசுதான் என்றார்கள்.

எழுத்து வரிசையை முழுதாகப் படிப்பது மலிவானதும், நோய் எங்கிருந்து வந்தது என்று தேடும் பழைய முறைகள் ஒதுங்கின. நொதியால் வெட்டிய பெருந்துண்டுகளை ஜெல்லில் ஓட்டிப் பட்டைகளை ஒப்பிடும் முறை அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலையத்தில் 1996 முதல் இருபதாண்டுக்கு மேல் கோலோச்சியது. இப்போது அங்கும் முழு மரபணுத்தொகுதிதான். 2010இல் ஹைட்டியில் வெடித்த காலரா தெற்காசியாவிலிருந்து போன ரகம் என்று எழுத்து வரிசை காட்டியது, ஐ.நா. படையின் நேபாள முகாமை நோக்கி விரல் நீண்டது.

மருந்து எதிர்ப்பு மரபணுவைத் தேடுவதிலும் சென்னை வருகிறது. 2010 ஆகஸ்ட்டில் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக வெளியிட்ட கட்டுரையில், சென்னையில் சேகரித்த 44 கிருமிகளிலும் ஹரியானாவின் 26 கிருமிகளிலும் என்டிஎம்-1 ('என்டி' என்றால் நியூ டெல்லி) மரபணு இருந்தது. பெயரில் டெல்லி இருந்ததால் எழுந்த அரசியல் கூச்சல் அந்த ஆய்வின் சாரத்தை மூடிவிட்டது. அடுத்த ஆண்டு டெல்லியில் 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அந்த மரபணு பெருகிக் காட்டியது. மரபணு நீரில் இருக்கிறது என்பதால் குடிப்பவருக்கு நோய் வரும் என்று ஆகாது. ஆனால் மரபணு மட்டும் அல்ல, அதைச் சுமந்த உயிருள்ள கிருமிகளையும் அந்தக் குழு வளர்த்துக் காட்டியிருந்தது. மறுப்பவர்களுக்கு வசதியாக அந்தப் பாதி மறக்கப்பட்டது.

உயிரோடா, இல்லையா?

2017இல் எக்ஸ்பெர்ட் கருவிக்கு அல்ட்ரா என்ற புதிய பொதியுறை வந்தது. பழையதற்கு ஒரு மில்லிலிட்டர் சளியில் நூற்றுக்கு மேல் கிருமி வேண்டும். அல்ட்ராவுக்குச் சுமார் 16 போதும். எப்படி? பலமுறை வரும் துண்டுகளைக் குறிவைத்துத்தான்: ஐஎஸ்6110, கூடவே ஐஎஸ்1081. முதலாவது இல்லாத ரகமும் இரண்டாவதில் மாட்டும். நுண்ணோக்கிக்குத் தெரியாத நோயாளிகளில் பழைய பொதியுறை 46 சதவீதத்தினரைப் பிடித்த ஆய்வில் அல்ட்ரா 63 சதவீதத்தினரைப் பிடித்தது. ஆனால் நோயில்லாதவரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும் அளவு 98இலிருந்து 96 சதவீதமாகக் குறைந்தது. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றலாம். லட்சக்கணக்கானவர்களைச் சோதிக்கும் நாட்டில் அது ஆயிரக்கணக்கான மனிதர்கள். அவர்களில் பலர் முன்பு காசநோய் வந்து குணமானவர்கள். நுரையீரலில் கிடந்த செத்த கிருமியின் துணுக்கு சளியோடு வந்து, சோதனையில் 'மிகச் சொற்பம்' என்ற புதுப் பிரிவில் பதிவாகிறது. எய்ச்.ஐ.வி. உள்ளவர், குழந்தை, நுரையீரலுக்கு வெளியே நோய் உள்ளவர் என்றால் அதை நோயாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது வழிகாட்டுதல். மற்றப் பெரியவர்களுக்கு இன்னொரு மாதிரி வாங்கிப் பார்க்க வேண்டும். முன்பு சிகிச்சை எடுத்தாரா என்று கேட்க வேண்டும். கருவியின் உணர்திறன் கூடக் கூட, மருத்துவர் நோயாளியிடம் பேச வேண்டிய நேரமும் கூடுகிறது.

செத்ததையும் உயிருள்ளதையும் பிரிக்க வழிகள் தேடுகிறார்கள். புரோப்பிடியம் மோனோஅசைடு என்ற சாயம் உடைந்த சவ்வுள்ள செல்லுக்குள் மட்டும் நுழையும். ஒளி பட்டதும் டி.என்.ஏ.வோடு பிணைந்து அதைப் பெருக விடாமல் தடுக்கும். நீர் மாதிரிகளில் நன்றாகவே வேலை செய்கிறது. கெட்டியான சளியில் ஒளி ஊடுருவுவதில்லை; மருந்தால் செத்த கிருமியின் சவ்வு உடையாமலும் இருக்கலாம். இன்னொரு வழி, டி.என்.ஏ.வை விட்டுவிட்டு ஆர்.என்.ஏ.வை அளப்பது. கிருமி செத்தால் அது சீக்கிரம் சிதையும். சளியில் 16எஸ் ஆர்.என்.ஏ.வின் அளவு சிகிச்சையோடு சேர்ந்து குறைகிறதா என்று பார்க்கும் சோதனை ஆப்பிரிக்க நாடுகளில் நம்பிக்கை தரும் முடிவுகளைக் காட்டியிருக்கிறது. ஆனால் சளி வாங்கிய உடனே பாதுகாப்புத் திரவத்தில் விடாவிட்டால் வழியிலேயே ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும், கிராமத்து மையத்திலிருந்து ஆய்வகத்துக்கு ஒரு நாள் பயணம் என்றால் முடிவை நம்ப முடியாது.

அதனால் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியவருக்கு, தொடக்கத்தில் நோயைக் கண்டுபிடித்த பி.சி.ஆர். கருவியைச் சிகிச்சையின் பலனைப் பார்க்கப் பயன்படுத்தக் கூடாது என்பதே இன்றும் விதி. இரண்டாம் மாத முடிவில் அவரிடம் வாங்கும் சளி, சாயமேற்றிய கண்ணாடி வில்லையில் நுண்ணோக்கிக்கும், தேவைப்பட்டால் வளர்ப்பூடகத்துக்கும் போகிறது. வளர்ப்பு முடிவு வர இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை மாத்திரை தொடர்கிறது.